பிடிக்காத அறையில் காய்த்தது

அன்புள்ள அக்கா,

இன்று மதியம் கீழ்வீட்டில் யாரோ கருவாடு வறுத்தார்கள். எங்கள் அடுக்குமாடியில் சமையலறை ஜன்னல்கள் எல்லாம் ஒரு குறுகிய சந்துப் பக்கமாகத்தான் திறக்கும். அந்த வழியாக வாசனை மேலேறி வந்து வீட்டை நிறைத்துவிட்டது. ஜன்னலைச் சாத்தப் போனவள், கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். கூடுவாஞ்சேரியில் உங்கள் சமையலறையை ஒட்டியும் இதே மாதிரி ஒரு சந்து இருந்தது.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கண்மூடிய பிறகுதான் வந்தது. வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. கீழ்க்கட்டளையின் இந்த இரண்டு அறைகளுக்குள் அவரும் நானும் இருக்கிறோம். மருந்துக்கடைக்குப் போனால்கூட மனம் வீட்டு வாசலிலேயே கட்டிக்கிடக்கிறது. சில நாள் அவர் மீது எரிந்து விழுகிறேன். பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் திறக்க மறுக்கிறது. இந்த நிலையில் உங்களைத் தவிர வேறு யாரை நினைப்பேன்?

தாம்பரத்தில் நம் சபையின் பெண்கள் ஐக்கியத்தை நடத்தியவர் நீங்கள். பிறருக்குப் பயன்பட்டு வாழ்வதுதான் ஆண்டவருக்குக் கனி கொடுப்பது என்று போதிப்பீர்கள். ஆஸ்பத்திரி வார்டுகளில் கட்டில் கட்டிலாக நின்று ஜெபிப்பீர்கள். உங்களோடு நடக்க எனக்கு மூச்சு வாங்கும். அந்தக் கால்களைத்தான் முதுகுத்தண்டு நோய் பறித்தது. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வீடு. மகனும் மருமகளும் காலையில் ரயிலேறினால் இருட்டித்தான் திரும்புவார்கள். ஆரம்பத்தில் சபையார் பழக்கூடையோடு வந்தார்கள். பிறகு வருவது குறைந்தது. கடைசியில் வாரம் ஒருமுறை நான் மட்டும் வந்தேன்.

அப்போது நீங்கள் சாந்தமாக இருந்தீர்கள் என்று உங்கள் அடக்க ஆராதனையில் பேசினார்கள். இல்லை அக்கா. நான் ஜெபிக்கலாமா என்று கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "கனி குடு, கனி குடுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன். இப்ப என்னாண்ட இன்னாடி கீது? படுத்துகினு கூரைய பாக்குறேன். இன்னாத்துக்கு ஆண்டவரு என்னை வச்சிகினு கீறாரு?" என்று கத்தினீர்கள். உங்கள் கையைப் பிடித்தேன், நீங்கள் விலக்கவில்லை. அவ்வளவுதான்.

வெயில் காலம் வந்ததும் காற்றுக்காக உங்கள் கட்டிலைச் சமையலறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் மாற்றினார்கள். அங்கேதான் ஒரு நாள் சந்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "மேல யாராவது இருக்கீங்களா? மணி என்னங்க?"

நீங்கள் மணி சொன்னீர்கள். மறுநாளும் அவள் கேட்டாள். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கௌரி. அவள் கணவனுக்கு மறைமலை நகரில் ஏதோ தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சந்தேகக்காரன். வேலைக்குப் போகும்போது அவள் போனை எடுத்துக்கொண்டு கதவை வெளியே பூட்டிவிடுவான். இதெல்லாம் அவள் கொஞ்சம் கொஞ்சமாக, முகம் தெரியாத உங்களிடம் சொன்னது. போலீசுக்குச் சொல்லவா என்று எத்தனையோ முறை கேட்டீர்கள். "வேணாம் அக்கா, அம்மாவையும் சேத்து கொன்னுடுவான்" என்று அழுவாளாம். அவள் சம்மதிக்கும்வரை தினமும் பேசிக்கொண்டிருப்பது என்று தீர்மானித்தீர்கள். சமையல், சினிமா, அவள் ஊர் கோயில் திருவிழா, எல்லாம் பேசினீர்கள். உங்கள் கால்களைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அன்று நான் உங்கள் வீட்டில் இருந்தது கடவுள் செயல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் குரல் வந்தது, வழக்கத்துக்கு மாறாக அமைதியாக. "அக்கா, இனிமே உங்களை தொந்தரவு பண்ண மாட்டேன். நல்லா இருங்க."

நீங்கள் என் கையைப் பிடித்துத் தள்ளினீர்கள். "ஓடு, வாட்ச்மேன கூட்டிகினு போய் பூட்ட ஒடை. போலீசுக்கு போன் போடு" என்றீர்கள். நான் வாசலைத் தாண்டும்போது பின்னால் தொப்பென்று சத்தம், திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, ஜன்னலடிக்கு முழங்கையால் ஊர்ந்துகொண்டிருந்தீர்கள்.

வாட்ச்மேன் இரும்புக் கம்பியால் பூட்டை நெம்பினார். நான் கதவில் காதை வைத்திருந்தேன். சந்து வழியே உங்கள் குரல் அந்த வீட்டுக்குள் கேட்டது.

"கௌரி, உங்க ஊர்ல மீன் கொழம்புக்கு தேங்கா போடுவீங்களா? சொல்லுடி, எனக்கு தெரியணும்."

பதில் இல்லை. நீங்கள் விடவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டீர்கள்.

கடைசியில் ஒரு விம்மல். "போட மாட்டோம் அக்கா."

"அப்ப புளி எவ்ளோ போடுவ?"

பூட்டு தெறித்தது. மின்விசிறியில் புடவை தொங்கியது. கௌரி கீழே, ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள், எங்களைத் தாண்டி மேலே ஓடினாள். நான் பின்னாலேயே வந்தேன். நீங்கள் தரையில், நைட்டி கலைந்து, முழங்கை சிராய்த்துக் கிடந்தீர்கள்.

"நீங்கதானா அக்கா? உங்களால நடக்க முடியாதா?"

"நீ கேக்கவே இல்லியேடி" என்றீர்கள்.

போலீஸ் வந்தது, அவள் தாயாரும் வந்து சேர்ந்தார். கௌரி தாய்வீட்டுக்குப் போனாள், வழக்குப் போட்டாள், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். செய்தி கேட்டுச் சபைப் பெண்கள் உங்களைப் பார்க்க வந்தார்கள். "அந்தப் பொண்ணு ரட்சிக்கப்பட்டாளா சிஸ்டர், இயேசுவ ஏத்துக்கிட்டாளா?" என்று ஒருவர் கேட்டார். நீங்கள் யோசிக்கவே இல்லை. "உசுரோட கீறா. ஆண்டவருக்கு அது பத்தாதா?"

கௌரி இன்றும் நெற்றியில் விபூதியோடுதான் இருக்கிறாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருகிறாள். "நீங்க சர்ச்சுக்கு போய்ட்டு வாங்கக்கா, சார நான் பாத்துக்குறேன்" என்று என்னைக் கிளப்பிவிடுகிறாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. அவளாகவே கேள்விப்பட்டு வந்தாள். நீங்கள் போய்விட்டீர்கள், உங்களில் காய்த்தது இன்னும் பஸ் ஏறி வருகிறது.

ஆனாலும் போன ஞாயிறு ஆராதனை முடிந்து தாம்பரம் பஸ் நிலையத்தில் நின்றபோது வீட்டுக்குத் திரும்பக் கால் எழவில்லை. எங்காவது போய்விடலாமா என்றிருந்தது. அங்கே நின்றபடி, கடைசியாக உங்களைப் பார்த்த நாளை நினைத்தேன். இப்போது மனம் சமாதானமாக இருக்கிறதா என்று அன்று கேட்டேன். சிரித்தீர்கள். "இந்த ரூம் எனக்கு இன்னும் பிடிக்கலடி. பிடிக்காமலேதான் அன்பா இருக்கணும் போல."

சபையில் கேட்ட எத்தனையோ பிரசங்கங்கள் மறந்துவிட்டன. இந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இந்த வீடு பிடிக்கவில்லை அக்கா. இன்று காலை இவர் கஞ்சியைத் துப்பிக்கொண்டே இருந்தார். கிண்ணத்தை வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். கோபம் தணியவில்லை. பிறகு உள்ளே வந்து அவர் வாயைத் துடைத்துவிட்டு, மறுபடி கரண்டியை எடுத்தேன்.

அன்று பஸ் நிலையத்திலிருந்தும் திரும்பி வந்தேன், இன்றும் திரும்பி வந்தேன். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.