கதவுக்கு முட்டுக் கொடுத்த ஹப்

இன்று காலை ஒரு வாடிக்கையாளர் உன் ஹப்பில் காலை இடித்துக்கொண்டார்.

என் மெக்கானிக் கடையின் தகரக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். கையகல இரும்பு வட்டம், சக்கரத்தைப் பூட்ட நாலு துளை. அவர் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே, "இன்னா பாய், இத எடைக்குப் போட்டுடக் கூடாதா?" என்றார். "அது ஒருத்தரோட பொருளுங்க" என்றேன். அவர் வண்டிக்காகக் காத்து வெளியே போய் உட்கார்ந்தார். எனக்குத்தான் அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்த்திருந்தால், "பாய் எழுத உக்காந்துட்டாரு, இனிமே உங்க வண்டி ரெடியான மாதிரிதான்" என்று அவரிடம் சொல்லியிருப்பாய். ஆள் இருந்தால் நான் உனக்குப் பாய், இல்லாவிட்டால் வெறும் டேய். எட்டாம் வகுப்பு பெஞ்சிலிருந்து அப்படித்தான்.

அந்த ஜெர்மன் கார் உனக்கு வந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, இப்போது சொல்வதற்கென்ன. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஜெர்மன்கார அம்மாவுக்கு நீ பல வருஷம் வண்டி ஓட்டினாய். தன் நாட்டுக் காரையே இங்கே தேடிப்பிடித்து வாங்கியவர் அவர். ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பியபோது அதை உன் பெயருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். நீ அதைக் குளிப்பாட்டிய அழகை உன் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவார்.

பிறகு ஒரு நாள் ஆயில் ஃபில்டர் அடைத்து, ஓடிக்கொண்டிருந்தபடியே இன்ஜின் இறுகிப்போனது. டிராக்டரில் கட்டி என் கடைக்கு இழுத்து வந்தாய். அதே மாதத்தில்தான் உன் கிட்னியும் கைவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். டாக்ஸி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "ரெண்டு பேருக்கும் ஃபில்டர் போச்சுடா" என்று சிரித்தாய். "அதுக்காவது வேற இன்ஜின் கெடைக்கும்." நான் சிரிக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

இன்ஜின் கிடைத்தது. அதே கம்பெனியின் பெரிய கார் ஒன்று பின்பக்கம் அடிபட்டு நசுங்கி, சென்னையில் பிரித்துப் போடும் இடத்தில் கிடந்தது. முன்பக்கம் சேதமில்லை. பழையதைவிடப் பெரிய இன்ஜின். அதை உட்கார வைக்கத் தாங்கிகளை அறுத்து ஒட்டினேன், ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முடித்தேன். ஆஸ்பத்திரி இல்லாத நாளெல்லாம் நீ ஸ்டூலில் உட்கார்ந்து குறை சொன்னாய். உனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு. அதனால் நான் கடைக்குப் பின்னால் போய் டீ குடிப்பேன். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டு வந்து நின்றாய். "எதிர்லயே குடிடா. வாசனையாவது வரட்டும்." அன்றிலிருந்து உன் எதிரில்தான் குடித்தேன்.

சக்கரம் மாட்டும்போது போல்ட்டுகளை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக வலமாகவே முறுக்குவாய். "எதிரெதிரா முறுக்குடா, இது என்ன கிரிவலமா?" என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். "இந்த ஊர்ல பொறந்தவன் கை வேற எப்டிடா போவும்" என்பாய்.

கிரிவலம்தான் உன் ஆசையும். அந்தக் காரை நீயே ஓட்டி மலையை ஒரு சுற்று வர வேண்டும். வலமாகப் போனால் மலை வலதுபக்கம், ஸ்டியரிங்கும் வலதுபக்கம். "டிரைவருக்குத்தாண்டா தரிசனம், பக்கத்துல உக்காந்தவனுக்கு வயக்காடுதான்" என்று எனக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிட்டாய்.

ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. நீ பானெட்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாய். கடை வாசல்வரை உருட்டிப் பார்த்தேன். முன் இடது சக்கரத்தில் கர்ரென்று ஒரு உரசல். பழைய ஹப்பின் பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். தூக்கி, கழற்றிப் பார்க்கவில்லை. எப்படியும் ஹப்பை மாற்றத்தானே போகிறோம். பெரிய இன்ஜினுக்குப் பெரிய பிரேக் வேண்டும், அதற்கு ஐந்து போல்ட் ஹப் வேண்டும், அது கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்துகொண்டிருந்தது.

"எட்றா, ஒரு சுத்து போய்ட்டு வந்துடலாம்" என்றாய்.

"ஹப்பு வரட்டும்டா. ஒரு வாரம்."

"முப்பதுல போலாம். பிரேக்குக்கு வேலையே இல்ல."

"சத்தம் வர்ற வண்டிய நான் வெளிய அனுப்ப மாட்டேன்."

"எனக்கு ஒரு வாரம்ன்றது ஜாஸ்திடா."

நான் சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ சண்டை போடவில்லை. ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்கு, வீட்டுக்குப் போய்விட்டாய். நீ ஒருநாளும் ஸ்டூலை எடுத்து வைத்தவன் இல்லை.

செவ்வாய்க்கிழமை நீ ஒரேயடியாகப் போய்விட்டாய். வியாழக்கிழமை ஹப் வந்தது.

பார்சலைப் பிரிக்கவே எனக்குப் பத்து நாளாயிற்று. உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், பழைய ஹப்பை, அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டேதான் கழற்றினேன். பேரிங் பொடிப் பொடியாகக் கொட்டினால் நான் செய்தது சரி. கையில் வைத்துச் சுற்றினேன். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது, ஒரு கீறல் இல்லை. பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து உரசியிருக்கிறது, அவ்வளவுதான். விரலால் நெம்பியிருந்தால் நிமிர்ந்திருக்கும். முப்பதில் பதினாலு கிலோமீட்டர் நீ போய் வந்திருக்கலாம். அரை மணி நேர வேலைடா.

புது ஹப்பை மாட்டிச் சக்கரத்தைப் பூட்டும்போது பார்த்தேன், என் கை வரிசையாக வலமாகவே முறுக்கிக்கொண்டு போயிருந்தது. ஐந்தையும் தளர்த்தி மறுபடி எதிரெதிராக முறுக்கினேன். முறுக்கி முடிக்கும்வரை அழுதேன்.

இதற்கு நடுவில் நீ செய்துவைத்த வேலை ஒன்று இருக்கிறது. உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, சனிக்கிழமை அவரை மலை சுத்த விட்டீங்களே, அது போதும்ணா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வந்து சொன்னாரு. வண்டி தண்ணி மாதிரி போச்சு, மலை என் பக்கமே வந்துச்சு, பாய் பேசாம கூடவே வந்தான்னு. அன்னிக்கு நல்லாத் தூங்கினாருண்ணா."

ஏன்டா அப்படிச் சொன்னாய்? அவர் வருத்தப்படக் கூடாது என்றா, அவர் என்னைத் திட்டக் கூடாது என்றா? ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கார் உங்ககிட்டயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வேலூர் வரைக்கும் போயிருக்கிறேன், செங்கத்துக்குப் போயிருக்கிறேன். மலை சுற்றும் பாதையில் மட்டும் திருப்பியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார். "என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கண்ணா. அவரு எங்கெங்க நிறுத்தினாரோ அங்கல்லாம் நிறுத்துங்க."

போனோம். அவர் என் பக்கத்தில், நீ எனக்கு ஒதுக்கிய இடத்தில். மலை என் தோளோரமாகவே வந்தது. என்னால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை, ரோட்டையே பார்த்து ஓட்டினேன். எங்கே நிறுத்துவது? நீ போயிருந்தால் எங்கே நிறுத்தியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா என்ன. அடி அண்ணாமலையில், உங்கள் ஊர் டீக்கடை முன்னால் நிறுத்தினேன்.

"இங்க டீ குடிச்சாரா?"

"குடிச்சான்மா."

"அரை டம்ளர்தானே?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"முழு டம்ளர்மா" என்றேன்.

நீ தண்ணீர் குடிப்பதை ஒவ்வொரு வாயாக அளந்தவர் அவர். கண்ணாடியை இறக்கி அந்தக் கடையைப் பார்த்தார். "குடிக்கட்டும்" என்றார்.

நீ சொன்ன பொய்யில் நான் ஒரு டம்ளர் டீ சேர்த்திருக்கிறேன். அதற்குமேல் எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை. அந்த ஹப்பை எடைக்குப் போட மாட்டேன். தினமும் கதவைத் திறந்து அதை நகர்த்தி வைக்கும்போது ஒரு முறை சுற்றிப் பார்க்கிறேன், இன்னும் சத்தமில்லாமல்தான் சுற்றுகிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை கேள்டா.