பதினைந்து கேட்டவன்

மார்ச் 3, செவ்வாய்

புதுப் படத்தில் வரும் நாரையின் உடை வெளியே வந்துவிட்டது! மதியம் கடையில் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தேன். கைப்பேசி நிற்காமல் துடித்தது. எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறக் கவசம், தோளில் தகடு, முழங்கால்வரை பூட்ஸ். நாற்பது வருடமாகச் சித்திரக்கதையில் மஞ்சள் அங்கியும் வெறுங்காலுமாகப் பறந்த வெள்ளி நாரை, முதன்முதலாகச் சண்டைக்குப் போகிற பெண் மாதிரி இருக்கிறாள். பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பில் ஒரு அம்மாள் கேட்ட இளநீலத்தில் கறுப்பு கூடுதலாக விழுந்து, டப்பா முழுக்க வீணானது.

வீட்டுக்கு வந்ததும் ஓர்லாவிடம் காட்டினேன். பதிமூன்று வயது. வட அயர்லாந்தின் இந்த டெர்ரி ஊரில் என்னை விட்டால் நாரையைப் பற்றி அதிகம் தெரிந்தவள் என் மகள்தான். பழைய ஜன்னல் திரையில் மஞ்சள் அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். படம் வெளியாகும் நாளில் போட்டுக்கொள்ள.

"என்னப்பா இது, மழைத்தண்ணிக் குழாய் மாதிரி இருக்கா."

"இதுதான்டி நிஜம். சண்டைக்குப் போறவ திரைச்சீலையைக் கட்டிக்கிட்டா போவா?"

"அப்ப பறக்கிறது மட்டும் நிஜமா?"

கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டேன். இருந்தாலும் அவள் சொன்னது தப்பு.

மார்ச் 7, சனி

ரசிகர் கூட்டம், வழக்கம்போலச் சித்திரக்கதைக் கடையின் மாடியில். பதினொரு பேர், ஒரே ஒரு கெட்டில். மஜெல்லாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. நூலகத்தில் வேலை பார்க்கிறவள், ஆனால் குரல் மட்டும் மீன் மார்க்கெட். பதினெட்டு வருடத்துக்கு முன் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கூட்டம் இது.

"இன்னிக்குச் சாம்பல் கவசம்னா நாளைக்கு ரத்தம். ரத்தம் வந்தா தணிக்கைல 15 போட்டுடுவான். 12A-ன்னா குழந்தை பெரியவங்க கையப் புடிச்சிக்கிட்டு வரலாம். 15 போட்டா பதினஞ்சு ஆகாதவங்களை யார் கூட வந்தாலும் வாசல்லயே நிறுத்திடுவான். தெரியுமில்ல?"

"தெரியும். போடட்டும். அப்பதான் ஜனங்க இதை ஒரு படமா மதிப்பாங்க."

"யாருடா மதிக்கணும்? உன் கடைல இருக்கிற கோர்மக்கா?"

பட்டது. கோர்மக் விஷயம் அவளுக்கு நான்தான் ஒருமுறை சொல்லியிருந்தேன். எங்கள் கடையில் மரம் அறுக்கிற பிரிவில் இருப்பவன், என்னைக் 'குட்டிப்பையா' என்றுதான் கூப்பிடுவான். எனக்கு நாற்பத்துநான்கு வயது. மேசையில் நாரைப் படம் ஒட்டிய தேநீர்க் கோப்பை வைத்திருப்பதால் குட்டிப்பையன். அந்த விஷயத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிக் குத்தலாமா? இதுவா சிநேகிதம்?

மார்ச் 8

காலையிலிருந்து கவசத்துக்காக இணையத்தில் நாற்பத்தேழு பதில் எழுதிவிட்டேன். என் மனைவி ப்ரோனா சர்ச்சுக்கு என்னை விட்டுவிட்டே போய்விட்டாள்.

மார்ச் 15

'எங்கள் நாரைக்கு 15 வேண்டும்.' வியாழனன்றே இணையத்தில் மனு போட்டுவிட்டேன். தயாரிப்பாளர்களுக்கு அனுப்ப. மூன்று நாளில் ஆறாயிரம் பேர் கையெழுத்து! ஆஸ்திரேலியாவிலிருந்தெல்லாம். மஜெல்லா '12A வேண்டும்' என்று எதிர் மனு போட்டிருக்கிறாள். அதில் எழுநூறு. பாவம்.

மார்ச் 19, வியாழன்

உள்ளூர் வானொலியில் காலை எட்டேகாலுக்கு என்னைப் பேச வைத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. முதல் கேள்விக்குத் திக்கினேன், பிறகு வாய் தானாக ஓடிவிட்டது. "இத்தனை வருஷம் எங்களைக் கேலி பண்ணினது போதும். பிள்ளைங்களுக்குன்னு வேற நூறு படம் இருக்கு. இது எங்க படம். அவங்க வீட்ல இருக்கட்டும்" என்றேன். அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 20

எட்டேகாலுக்கு ஓர்லா பள்ளிப் பேருந்தில் இருப்பாள். ஓட்டுநர் வானொலி வைப்பார். ஐயோ, இது ஏன் எனக்கு நேற்றே தோன்றவில்லை?

ப்ரோனாதான் சொன்னாள். பின் வரிசைப் பையன்கள் அவளைக் குடும்பப் பெயர் சொல்லிக் கத்தினார்களாம்: "ஏய் ஹார்க்கின், உங்கப்பா உன்னை வீட்ல இருக்கச் சொல்றாரு!" பேருந்து மொத்தமும் சிரித்ததாம்.

ஓர்லாவிடம் போய், "நான் பொதுவாத்தான் சொன்னேன்டி" என்றேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். என் பிள்ளை வாயிலிருந்து ஒற்றைச் சொல் மட்டும் வந்து நான் கேட்டதே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 28

தையல் இயந்திரம் வீட்டில் இல்லை. ஓர்லா அதை மஜெல்லா வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாளாம், அங்கேதான் தைக்கிறாளாம். என் எதிர்க்கட்சியோடு போய்ச் சேர்ந்திருக்கிறாள் என் மகள். கேட்டதற்கு ப்ரோனா, "அங்கே யாரும் அவளை வெளியே தள்ளலியே" என்கிறாள்.

ஏப்ரல் 21

மனு பதினாலாயிரத்தைத் தொட்டது. யாரிடம் சொல்வது?

மே 22, வெள்ளி

15.

மதியம் தணிக்கை வாரியத்தின் அறிவிப்பு வந்தது. 'கடுமையான வன்முறை, நீடித்த காயக் காட்சிகள்.' கடைக்குள் ஒரு குதி குதித்தேன். சும்மா இல்லை, இரண்டு காலும் தரையை விட்டு. கோர்மக்கே எட்டிப் பார்த்தான்.

யோசித்தால் எங்கள் மனுவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படம் போன வருடமே எடுத்து முடிந்துவிட்டது. வாரியம் ரத்தத்தைப் பார்த்தது, பதினைந்து போட்டது. இதை நான் ஓர்லாவிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்? ஊருக்கே கேட்கும்படி கேட்டவன் நான். கேட்டது கிடைத்தது.

இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை நசுக்கியபடி ஓர்லா, "எனக்கு 15 ஆக இன்னும் பதினேழு மாசம் இருக்கு. கணக்குப் பண்ணிட்டேன்" என்றாள். அவளுக்கு ஆறு வயதானதிலிருந்து ஒரு சாகசப் படத்தைக்கூட நாங்கள் தனித்தனியாகப் பார்த்ததில்லை. எல்லாமே முதல் நாள், முதல் காட்சி. 

மே 24

எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை — லெட்டர்கென்னி! எல்லைக்கு அந்தப் பக்கம் அயர்லாந்துக் குடியரசு, வேறு நாடு, வேறு தணிக்கை. இதே படத்துக்கு அங்கே 15A. பெரியவர் கூட வந்தால் போதும், உள்ளே விடுவார்கள். நாற்பது நிமிடக் கார் பயணம். டெர்ரியில் பாதிப் பேர் பெட்ரோலுக்கே அங்கே போகிறார்கள். மூச்சிரைக்க மாடி ஏறிப் போய்ச் சொன்னேன்.

"தெரியும்ப்பா" என்றாள். "மஜெல்லா கூட்டிட்டுப் போறேன்னாங்க. ஜூன் பன்னிரண்டாம் தேதி, படம் வர்ற அன்னிக்கே. நான் சரின்னுட்டேன்."

"நான் கூட்டிட்டுப் போறேனே?"

"உனக்கு இங்க உன் ஆளுங்க கூடப் போகணுமே. கவசம்லாம் செஞ்சு வெச்சிருக்கியே."

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 30

ப்ரோனா: "போய் மன்னிப்புக் கேளு." நான்: "எதுக்கு? பொதுவாத்தான் சொன்னேன்." ப்ரோனா: "பொதுவாவே இரு அப்ப."

ஜூன் 9

கவசத்தைப் போட்டுப் பார்த்தேன். ரப்பர் நுரையில் செய்தது, சாம்பலும் சரியான சாம்பல், நானே கலந்தது. கண்ணாடியில் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஜூன் 12, வெள்ளி — இல்லை, இதை எழுதுவது 13 காலை

டெர்ரி திரையரங்க வாசலில் மதியம் ஒரு மணிக்கு நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் சாம்பல். "தலைவா, நீதான் முதல்ல உள்ள போகணும்" என்று கைதட்டினார்கள். டிக்கெட் கிழிக்கிற பெண்ணிடம் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, மஞ்சள் துண்டைத் தோளில் கட்டியவள், கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா, "நான் கூட இருக்கேனே" என்றார். "அது செல்லாது சார்." அந்த மனிதர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாகனத்தில் ஏதோ மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்தவன் காரை எடுத்துவிட்டேன்.

கவசத்தோடு கியர் போட வரவில்லை. தோள் தகட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் எறிந்தேன். லெட்டர்கென்னியில் படம் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. சீட்டுக் கொடுக்கிற அம்மா கேட்டாள்:

"உங்க கூடக் குழந்தை யாராவது வர்றாங்களா?"

"குழந்தை உள்ள இருக்கு" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

கடைசி வரிசை. ஆறு வரிசை முன்னால் மஞ்சள் தெரிந்தது, பக்கத்தில் மஜெல்லாவின் சுருட்டைத் தலை. படம் பிரமாதம், பொய் சொல்லக் கூடாது. நான் கேட்ட மாதிரியே இருந்தது. பிறகு நாரையின் தம்பியைப் பிடித்துவைத்துச் சிதைக்கிற காட்சி வந்தது. விரல் விரலாக. கேமரா நகரவே இல்லை. முன்னால் யாரோ ஒருவன் விசில் அடித்தான்.

மஞ்சள் அங்கி எழுந்தது. படியில் தடுக்கிக்கொண்டே வெளியே ஓடியது. மஜெல்லா எழுவதற்குள் நான் கதவில் இருந்தேன்.

நடைக்கூடத்துத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எங்கேர்ந்துப்பா வந்தே?"

"கடைசி வரிசைலேர்ந்து."

"இந்தக் கோலத்துலயா நாடு தாண்டி வந்தே? ஐயோ, லூசாப்பா நீ?" சிரித்தாள், உடனே அழுதுவிட்டாள். "எனக்கு ரத்தம் பயமில்ல. ஆனா அவனை அவ்ளோ நேரம் காட்டணுமா? அவன் கத்துறான்ப்பா. நீ சொன்னதே சரின்னு ஆயிடுச்சு. அதான் எனக்கு வெறுப்பா இருக்கு."

"நான் சொன்னது சரியில்லடி. பிள்ளைங்க வீட்ல இருக்கட்டும்னேனே, என் பிள்ளையைத்தான் சொல்றேன்னு எனக்கு உறைக்கவே இல்ல. யாரோ என்னை மதிக்கணும்னு உன்னை வெளிய நிறுத்திட்டேன். மன்னிச்சுக்கடா கண்ணு."

மூக்கை அங்கியில் துடைத்தாள். "சரி, உள்ள போ. உனக்காக எடுத்த படம். முடிவு போயிடும்."

"போகட்டும்."

மஜெல்லா வெளியே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "என் தப்பு, ஃபின்டன். குழந்தைங்க பார்க்கலாம்னு நான்தானே கத்தினேன்."

"போய் உக்காரு. நம்மள்ல ஒருத்தராவது முழுசாப் பார்க்கணும்" என்றேன். போக மாட்டேன் என்றாள். ஓர்லாதான் தள்ளிவிட்டாள்.

காரில் உட்கார்ந்து வினிகர் தெளித்த சிப்ஸ் தின்றோம். வழியெல்லாம் திட்டினாள். படத்தை, இயக்குநரை, என் கவசத்தை, நான் ஓட்டுகிற விதத்தை. மூன்று மாதப் பேச்சு மொத்தமும் கொட்டியது.

ஜூன் 14

இணையத்தில் கேட்கிறார்கள்: 'தலைவா, விமரிசனம் எங்கே? அந்த முடிவைப் பற்றி ஒரு வார்த்தை!' பார்க்கவில்லை என்று எழுதினேன். அடுத்த வருடம் அக்டோபரில் மகளுக்குப் பதினைந்து ஆனதும் அவளோடு பார்ப்பேன், அதுவரை யாரும் சொல்லித் தொலைக்காதீர்கள் என்றும் எழுதினேன். துரோகி என்று முந்நூறு பதில்.

ஓர்லா நம்பவில்லை. "ரெண்டு வாரம் தாங்குவியா? திருட்டுத்தனமாப் போய்ப் பார்த்துடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

ஜூன் 19

இன்று கோர்மக் என் கவுண்டருக்கே வந்தான். கண்ணெல்லாம் பளபளப்பு. "ஃபின்டன், நேத்து உன் நாரைப் படம் பார்த்தேன்யா. என்ன படம்! நான்கூடச் சின்னப்பசங்க சமாச்சாரம்னு நினைச்சேன், மன்னிச்சுக்க. அதுவும் அந்தக் கடைசில, அவ என்ன பண்றா தெரியுமா—"

பக்கத்தில் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தில் ஐந்து லிட்டர் வெள்ளை ஏற்றி வைத்திருந்தேன். பொத்தானை அழுத்திவிட்டேன். அவன் வாய் அசைந்தது, கை அசைந்தது, அந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நின்றதும் மறுபடி ஆரம்பித்தான். மறுபடி அழுத்தினேன்.