இருபது கிலோ களிமண்

18.7.2004, ஞாயிறு
புழுதிக் காற்று. இனி எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான். பழமலைநாதர் மேல் ஆணை. தலை ஆடிக்கு அழைத்து வந்த அக்கா மகள் செல்விக்கு உதட்டில் தையல். புருஷன் கைவரிசை. ஆடி முடிந்ததும் வந்து இழுத்துப்போவானாம். அனுசரித்துப் போகச் சொல்கிறாள் அக்கா. செல்வி என் பக்கம் திரும்பி, "நான் போவல மாமா" என்றாள். வரட்டும், வெட்டி வெள்ளாற்றில் வீசுகிறேன் என்று அறிவித்தேன். என் எடை, ஈரத் துண்டோடு, நாற்பத்தெட்டு கிலோ.

19.7
வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியிலிருந்து ஈரக் களிமண், இருபது கிலோ. ஒரு இரும்புக் கம்பியின் இரு முனையிலும் அப்பியாச்சு. பஸ் ஸ்டாண்டு ஜிம் மாஸ்டர் வாக்கு: பாரம் ஏற்றிக்கொண்டே போனால்தான் சதை வளரும். ஒரே பாரமென்றால் உடம்பு பழகிக்கொண்டு சும்மா இருந்துவிடும். ஆறு தடவை தூக்கினேன். ஜங்ஷனில் தண்டவாளம் அதிர்ந்தது.

30.7
நாற்பது தடவை! பாரமே தெரியவில்லை. என் வீரம் தாங்காமல் களிமண்ணில் வெடிப்பு. மனசுக்குள் அவனைத் தினமும் கொல்கிறேன். இன்று சூளையில் போட்டு. செல்வி வெடிப்பைத் தடவிப் பார்த்தாள். "காத்துல மண்ணு காஞ்சிபோச்சு மாமா. நீங்க தூக்குறது கொறஞ்சிகிட்டே வருது."
பழைய இரும்புக் கடைத் தராசில் மண்: பதினாறு கிலோ. அவமானம்.

31.7
புது மண். ஈரச் சாக்கு சுற்றியாச்சு. தினம் ஒரு கை மண் கூடுதல். அப்புகிறவள் செல்வி. இரக்கமே இல்லை.

11.8
சோறு பிசைய விரல் மடங்கவில்லை. தோள், முழங்கை, எல்லாம் தீ. சட்டைக் கை இறுக்கம். துவைத்ததில் சுருங்கியது என்கிறான் டெய்லர். பொறாமை.

18.8, புதன்
வந்தான். ஒரே அறை. பறந்துபோய் சேத்தியாத்தோப்புப் பாலத்துக்கு அப்பால் விழுந்தான். வெள்ளாறு சிவந்தது. நான்கு ஜீப்பில் போலீஸ்.

சரி, புளுகு. அடித்தது அவன். செல்வியின் முடியைப் பிடிக்கக் கை நீட்டினான். குறுக்கே பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். "வுடுய்யா கெழவா" என்று மறு கையால் என் முகத்தில் குத்து. மேலும் குத்து. மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். கடைவாய்ப் பல் ஒன்று வாசலில். தெருவே கூடிவிட்டது. அவன் விரல்கள் நீலம் பாய்ந்து, குரல் இறங்கியது. "வுடுங்க மாமா. கை மரத்துப்போச்சு."
அக்கா என் ரத்தத்தைப் பார்த்தாள், பெண்ணின் உதட்டைப் பார்த்தாள். "அவ வரமாட்டா. நீ கெளம்பு" என்றாள்.
தனியாகத்தான் போனான்.

பாலம், ஜீப், சிவந்த ஆறு, எதையும் நம்ப வேண்டாம். அக்கா அதைச் சொல்லும்வரை நான் பிடியை விடவில்லை. அது மட்டும் நிஜம்.