பனங்கற்கண்டு டப்பா

ஜூன் 12, வியாழன்

மகள் வேல்விழி இன்றும் வலது கன்னத்தைச் சுவரில் மோதினாள். ஆட்டிசப் பிள்ளைகளுக்கான அவள் பள்ளியில், புதுப் பழக்கம், கண்டுகொள்ளாதீர்கள் என்றார்கள். அரை மணி நேரம் கண்டுகொள்ளாமல் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை, கையைக் குறுக்கே வைத்தேன். என் கையில் மோதினாள்.

ஒன்பது வயது. இன்னும் பேச்சு இல்லை. அவள் அம்மா இந்து இரண்டு வருடமாக மஸ்கட்டில் நர்ஸ். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தால் இந்த வீட்டில் பேசுவது நானும் டிவியும்தான்.

ஜூன் 15

பேஸ்ட் வாசம் பட்டாலே ஓடுகிறாள். பிடித்து வைத்து பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தேன். விரலைக் கடித்துவிட்டாள். கத்திவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் வழக்கம்போல ஒரு கற்கண்டு கொடுத்தேன்.

ஜூன் 18

பல் டாக்டர் ரம்யா, அவள் வாய் திறந்து அழுத நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார். வலது கடைவாயில் இரண்டு பல் சொத்தை. ஒன்றில் சீழ்.

பழக்கமாம் பழக்கம்! வலி. சொல்ல வாயில்லாமல் சுவரிடம் சொல்லியிருக்கிறாள்.

இனிப்பு கொடுப்பீர்களா என்று கேட்டார். சாக்லேட் வீட்டு வாசல்படி ஏறாது என்று பெருமையாகச் சொன்னேன். பனங்கற்கண்டு மட்டும்தான். கை கழுவினால் ஒன்று, செருப்பு மாட்டினால் ஒன்று, பல் தேய்த்தால் ஒன்று. நல்லது செய்தால் உடனே பரிசு கொடுங்கள் என்று பள்ளியில் பெற்றோர் பயிற்சியில் சொன்னதுதான். எங்கள் பனங்காட்டுப் பக்கத்தில் சீனிதான் கெடுதல், கற்கண்டு மருந்து.

"பல்லுக்கு எல்லாமே சீனிதான் சார்" என்றார்.

பல் தேய்த்ததற்கும் கொடுத்திருக்கிறேனே. என்ன மனுஷன் நான்?

ஜூன் 19

இந்துவிடம் சொல்லவில்லை. "ஏன் சத்தமே காணும், ஒடம்புக்கு முடியலியா?" என்றாள். வேலை அதிகம் என்றேன்.

ஜூன் 26

மயக்க மருந்து கொடுத்து இரண்டு பல்லையும் எடுத்தார்கள். பால்பல்தான், வேறு முளைக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக இருந்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் போதும் – பேசக்கூட வேண்டாம்.

இந்துவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"நானுந்தான குடுத்தேன்" என்றாள்.

ஜூலை 3

சுவரில் மோதுவது நின்றுவிட்டது. கற்கண்டு டப்பாவைப் பீரோ மேல் ஏற்றிவிட்டேன்.

டாக்டர் புது யோசனை சொன்னார். பேஸ்ட் வேண்டாம், வெறும் தண்ணீர். பிடித்து வைக்க வேண்டாம். முதலில் என் பல்லை அவள் தேய்க்கட்டும். அது முடிந்த பிறகு அவள் பல்.

ஜூலை 8

ஆறு நாளாக வாயைத் திறந்துகொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பிரஷ்ஷை வாங்கி வீசுகிறாள். நான் கோமாளிதான்.

ஜூலை 14

இன்று வீசவில்லை. இடது கையால் என் தாடையைப் பிடித்தாள். வாய்க்குள் அவ்வளவு கவனமாகப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். என் முகத்தை ஒருவர் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாயை மூடவில்லை.

பிறகு அவளே உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நான் தேய்க்க, எட்டு எண்ணும்வரை திறந்திருந்தாள். எட்டு!

நான் பிரஷ்ஷைக் கழுவித் திரும்பினால், பாவாடைப் பையில் எதையோ தேடுகிறாள். எப்போது ஒளித்து வைத்தாளோ, நூலும் தூசியும் ஒட்டிய ஒரு கற்கண்டு. அதை எடுத்து என் வாயில் வைத்தாள்.

வாயைத் திறந்து நன்றாகத் தேய்க்க விட்டேன் அல்லவா, அதற்குப் பரிசு.

துப்ப மனசு வரவில்லை. கரையும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பிரஷ்ஷை அவள் கையிலேயே கொடுத்து, மறுபடியும் வாயைத் திறந்தேன்.