கிழிக்கச் சொன்ன பக்கங்கள்

மார்ச் 4, செவ்வாய்

பிற நாட்டு அரசு வெளியீடுகள் எங்கள் நூலகத்துக்கு வரும், நம்முடையவை அங்கே போகும். அந்தப் பரிமாற்றப் பிரிவில்தான் எனக்கு வேலை. போன வருஷம், பதினோரு பேர் செத்துப்போன படகு விபத்தின் விசாரணை அறிக்கையை அனுப்பினோம். படகோட்டி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் படகுத்துறை அதிகாரிதான் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார் என்று அதில் அச்சிலேயே இருந்தது. இப்போது அமைச்சகம் புதுப் பக்கங்கள் அடித்துக் கொடுத்திருக்கிறது. தப்பெல்லாம் படகோட்டி மேல். அந்தப் படகோட்டி என் அக்கா புருஷன்.

இங்கே இருந்த பிரதிகளை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். வெளிநாட்டு நூலகங்களுக்கு நான் கடிதம் எழுத வேண்டுமாம் — பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று! "எந்தப் பக்கம்னு தெளிவா போடுங்கம்மா. இல்லேன்னா அவங்க குழம்பிடுவாங்க," என்றார் இயக்குநர். போட்டேன். 41 முதல் 46 வரை.

மார்ச் 6

தபாலில் சேர்த்தாயிற்று. நானும் ஒரு மனுஷியா?

மார்ச் 9

அக்காவிடம் சொன்னேன்.

"உன் கையாலயேவா அனுப்பினே?"

"நான் இல்லேன்னா இன்னொருத்தர் அனுப்பியிருப்பாங்கக்கா."

"அந்த இன்னொருத்தர் என் தங்கச்சி இல்லையே."

வழக்கு வேறு நடக்கிறது; அத்தானுக்கு ஜெயில் என்றுகூடப் பேச்சு.

ஏப்ரல் 22

ஒரு நூலகம் சமர்த்தாகக் கிழித்து ஒட்டிவிட்டதாம். நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார் இயக்குநர். நன்றியாம், நன்றி!

மே 13

இன்னொரு நூலகத்தின் பதில்: "வந்த நூலிலிருந்து எதையும் கிழிப்பது எங்கள் வழக்கமில்லை. பழைய பக்கங்கள், புதியவை, தங்கள் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்தே பைண்டு செய்துவிட்டோம். கேட்பவர்களுக்கு நகல் தருவோம்."

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. "பக்க எண்ணை எதுக்கும்மா போட்டீங்க?"

"நீங்கதானே சார் தெளிவா போடச் சொன்னீங்க."

மத்தியானமே அக்காவுக்குப் போன் போட்டு, வக்கீலை நகல் கேட்டு எழுதச் சொன்னேன். வேலை போனால் போகட்டும்.

ஜூலை 19

பழைய பக்கங்களின் நகல் கோர்ட்டுக்குப் போனது; அத்தான் மேல் இருந்த வழக்கு தள்ளுபடி. அக்கா போனில் அழுதாள், நானும்தான்.

மேஜையில் மறுபடி ஒரு கட்டு புதுப் பக்கங்கள். இப்போது யார் மேலும் தப்பில்லையாம். பதினோரு பேரையும் கொன்றது காற்றாம். படகுத்துறை அதிகாரிக்குப் பதவி உயர்வு.

"இந்தத் தடவை பக்க எண் வேண்டாம்மா," என்றார் இயக்குநர்.

போடவில்லை. கிழிக்க மறுத்த அந்த நூலகத்தார் இதையும் சேர்த்துப் பைண்டு செய்துகொள்வார்கள்.