மண்மேட்டில் பிழைத்தவை

மார்ச் 4
காலையில் மூடுபனி. சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேட்டின் மேல் நின்று பார்த்தால் கீழே அனல்மின் நிலையமே இல்லை. புகைபோக்கி மட்டும் ஆகாயத்தில் தனியாக மிதந்தது. ஐந்து வருடமாக நான் வளர்க்கும் கன்றுகள் பனிக்குள் எங்கோ நடந்து போவதுபோல இருந்தன. வேலைக்கு வந்தேனா, கனவுக்குள் வந்தேனா?

மார்ச் 7
மேனேஜர் கூப்பிட்டார். நிலையத்தின் சாம்பல் குளம் நிரம்பிவிட்டதாம். இனி என் கிழக்குச் சரிவில் கொட்ட வேண்டுமாம். “பாதிக்கு மேல பட்டுப்போச்சுன்னு ரிப்போர்ட் எழுதிக் குடும்மா. எதுவும் வளராத இடம்னா உடனே அனுமதி கிடைச்சிடும்.”

மார்ச் 8
வீட்டுக்காரரிடம் சொன்னேன். இருபது வருடமாகப் பாய்லர் பக்கத்தில் நிற்கிற மனுஷர். சாப்பிடுகிற கை நின்றது.
“சாம்பல் போக இடமில்லைன்னா பாய்லரை நிறுத்திடுவாங்க. உனக்கு மரம் பெருசா, நான் பெருசா?”
என்ன கேள்வி இது!

மார்ச் 11
ஒவ்வொன்றாக எண்ணினேன். நூற்றுக்கு எண்பத்து மூன்று உயிரோடு இருக்கின்றன. மதியம் ஒரு வேலமரத்தடியில் கண் அசந்துவிட்டேன். மண்ணுக்குள் வேர்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வது கேட்டது. ‘இருக்கியா?’ ‘இருக்கேன்.’

மார்ச் 12
எண்பத்து மூன்று என்றே எழுதிக் கொடுத்தேன்.
“பிழைக்கத் தெரியாதவம்மா நீ,” என்றார் மேனேஜர்.
“கன்னுங்க பிழைச்சிருக்கே சார்.”
வெளியே வந்து நேராக மேட்டுக்கு நடந்தேன்.

மார்ச் 20
அவரே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

ஏப்ரல் 2
என் சரிவுக்கு அனுமதி கிடைக்கவில்லை; சாம்பலைப் பழைய சுரங்கக் குழிக்கே கொண்டுபோக முடிவாகிவிட்டது. குழாய் போட மூன்று மாதம். அதுவரை ஒரு பாய்லர் ஓடாது — அவருடையது. வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஐயோ, நான் செஞ்சது சரிதானா? யார்கிட்ட கேக்குறது?

ஏப்ரல் 9
விடிந்ததும் கிளம்பினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம். அவர்தான். இந்த ஐந்து வருடத்தில் முதல்முறையாக மேட்டுக்கு வந்தார். சரிவை ஒரு சுற்றுச் சுற்றினார். வெயில் இலைகளுக்குள் மெல்லப் பச்சையாகக் கரைந்துகொண்டிருந்தது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.
“இங்க இவ்வளவு சத்தமா இருக்கு?”
“குருவிங்க.”
பிறகு பட்டுப்போன கன்று ஒன்றைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்.
“கடப்பாரை எங்க வெச்சிருக்க?”