ஹௌகன் வீட்டில் குடியிருப்பவன்

அக்டோபர் 3, செவ்வாய்

இதை எழுதித் தொலைத்துவிடுகிறேன். வானொலியில் வானிலை சொல்கிற ஆள் காலை வணக்கம் என்றார். நானும் வணக்கம் சொன்னேன். அதோடு விட்டேனா? மழை வருமா என்று வேறு கேட்டேன். நாற்பது சதவிகிதம் என்றார். நல்ல பேச்சுத்தான்.

என் மனைவி லவோன் இறந்து மூன்று வருஷம். இருந்தவரை என்னை ஒரு வாக்கியமும் முடிக்க விட்டதில்லை. இப்போது எல்லாவற்றையும் நானே முடிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 5, வியாழன்

நூலகத்தில் கூட்டம். மாநிலத்துப் பண்பாட்டு அமைப்பு பிரிட்டா என்ற முனைவரை அனுப்பியிருக்கிறது. எங்கள் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் வரைந்த ஒரு பெரிய படத்தோடு வந்திருக்கிறாள். எந்த இடத்துக்கு என்ன பெயர், அங்கே என்ன நடந்தது என்று நாம் சொல்ல வேண்டும். அவள் அதில் எழுதுவாள். நவம்பர் வரை வருவாளாம்.

பத்தொன்பது பேர் வந்திருந்தோம். பத்தொன்பது பேரும் வாசலை ஒட்டிய கடைசி இரண்டு வரிசையில். பாவம், படத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"அடுத்த தடவை வாசல்லயே நில்லுங்க. இன்னும் கிட்ட இருக்கும்," என்றேன். சிரித்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முப்பது வருஷமாக இந்த மாவட்டத்து மண்சாலைகளை கிரேடர் ஓட்டி மட்டம் தட்டுகிறேன். பதினோரு சாலைகளைப் பற்றி என்னிடம்தான் கேட்டாள். வீட்டுக்கு வரும்போது தொண்டை வலித்தது. பழக்கம் விட்டுப்போயிற்று.

அக்டோபர் 12, வியாழன்

அறுவடை. கூட்டம் இல்லை. சட்டையை மட்டும் தேய்த்து வைத்திருந்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

பிரிட்டா படத்தில் என் வீட்டின் மேல் விரலை வைத்தாள். "ஹௌகன் வீடு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குரலில் என் குரலும் இருந்தது — வாய் பழகிவிட்டது. எழுதிக்கொண்டாள். இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஹௌகன் அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு கலிஃபோர்னியாவுக்குப் போனவர். அவர் முகம் இங்கே யாருக்கும் ஞாபகமில்லை. நான் இருபத்தேழு வருஷமாக இருக்கிறேன். பேனாவில் மை இருக்கும்போதே என் பெயரைப் போட்டுவிடுங்கள் என்றேன், விளையாட்டாகத்தான். தபால் அலுவலகத்து ஆர்லிஸ் விடவில்லை. எழுபது வயது, விட்டதே கிடையாது.

"நீதான் இன்னும் அதுல இருக்கியேப்பா, டெல்மர். போனவங்க பேராலதான் வீட்டைச் சொல்றது. இருக்கறவன் பேரை வீட்டுக்கு எவனாவது வைப்பானா?"

அவர் சொல்வதும் சரிதான். ஆர்லிஸின் வீட்டை நான் பெக்கர் வீடு என்றுதான் சொல்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

அப்புறம் ஏன் இன்னும் உறுத்துகிறது? ஐம்பத்தைந்து வயசு ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு குறையா?

அக்டோபர் 22, ஞாயிறு

ஃபார்கோ நகரத்திலிருந்து தங்கை டோரீன் போனில் பேசினாள். அவள் வீட்டில் கீழ் அறை காலியாக இருக்கிறதாம். வேட்டைக்கு வருகிற நகரத்து ஆள் ஒருவர் என் வீட்டை வாங்கத் தயாராம். வருஷா வருஷம் வந்துவிடு என்பாள், முடியாது என்பேன். இன்று, "பாக்கலாம்" என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

நவம்பர் 2, வியாழன்

கூட்டத்தில் காப்பி ஊற்றும்போது ஆர்லிஸிடம் சொன்னேன், வீட்டை விற்றுவிட்டு ஃபார்கோவுக்குப் போகப்போகிறேன் என்று.

"ம். அங்க காத்து கொஞ்சம் கம்மி," என்றார்.

போகாதே என்று இங்கே யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வானிலைதான் சொல்வார்கள். தெரிந்தும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றேன்.

பக்கத்து நிலத்து ரோலண்டுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "அப்ப இனிமே அது ஷாட்ஸ் வீடுடா," என்றான். என் குடும்பப் பெயர்! எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல செய்தி போல. பிரிட்டா பேனாவைத் திறந்தேவிட்டாள். விற்பனைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுங்கள் என்றேன்.

பெயர் கிடைக்கப்போகிறது, லவோன். நான் கிளம்பினால் போதுமாம்.

நவம்பர் 9, வியாழன்

கடைசிக் கூட்டம். படம் நூலகச் சுவரில் ஏறியது. ஹௌகன் வீடு. மார்ச்சில் வந்து பெயரை மாற்றித் தருவதாக பிரிட்டா கையைப் பிடித்துச் சொன்னாள். நன்றி என்றேன். வேறென்ன சொல்வது?

நவம்பர் 17, வெள்ளி

நாளை பதினோரு மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்து. சனிக்கிழமை பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். லவோனின் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றினேன். ஆறு சுற்றினேன். மீதியை அப்படியே வைத்துவிட்டேன்.

நவம்பர் 18, சனி

காலையில் உறைமழை, சாலையெல்லாம் கண்ணாடிபோல் ஐஸ். பத்து மணிக்குக் கிளம்பினேன். ரோலண்டின் சதுப்புக்கு வடக்கே சாலை திரும்பும் மூலையில் வண்டி திரும்பவில்லை. பள்ளத்தில் இறங்கி நின்றது. வியாழக்கிழமை நான் மட்டம் தட்டிய சாலை.

வழியில் போன நான்கு வண்டிகள் நின்றன. இறங்கி வந்து, இந்தச் சாலை யார் பொறுப்பு என்று நான்கு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். நான்தான் என்றேன். ஒருவர் காப்பி கொடுத்தார். யாரும் கிளம்பவில்லை.

ரோலண்ட் டிராக்டரோடு வரப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. சங்கிலியை எடுப்பதற்கு முன் வீட்டுக்குப் போன் போட்டான்.

"சாப்பாட்டுக்கு லேட்டாகும். டெல்மர் மூலைல இருக்கேன்." அந்தப் பக்கம் மனைவி ஏதோ கேட்டாள். "இன்னிலேருந்துதான்."

நான் உயிரோடுதானே இருக்கிறேன், பெயர் எப்படி வைப்பாய் என்று கேட்டேன்.

"வீட்டுக்குத்தான்டா ஆள் போகணும். மூலைக்கு விழுந்தா போதும்."

நான்கு பேரும் ஆமாம் என்றார்கள். அதில் ஒருவர், மாலையே நூலகத்துக்குப் போய்ப் படத்தில் எழுதிவிடுவதாகச் சொன்னார்.

வக்கீலிடம் திங்கட்கிழமை போகலாமே என்றான் ரோலண்ட். திங்கட்கிழமை ஒரு மூலையில் வழுக்காமல் இருக்க மணல் போடும் வேலை இருக்கிறது என்றேன். எந்த மூலை என்று கேட்டான். சொன்னேன்.

பிறகு என் வண்டியின் முன்பக்க பம்பரில் சங்கிலியை மாட்டி இழுத்தான். பம்பர் வந்தது. வண்டி வரவில்லை.